வெற்றிலை வாங்கிய நாளில் வந்த தேர்வு

ஜெயமங்கலம் ராக்கம்மாளின் தலையில் கரகம் நிற்பதைப் பார்த்தவர்கள், அது அவர் கழுத்தோடு பிறந்தது என்பார்கள். தவில், உறுமி, பம்பை, நாயனம் சேர்ந்து ஐந்து பேர் கொண்ட செட் அவருடையது. அந்த வட்டாரத்தில் அவர் ஆடாத ஊர் குறைவு. ஆனால் வைகை வட்டாரக் கலை நிதியத்தின் உதவி மட்டும் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

நிதியத்தின் தேர்வு ஆண்டுதோறும் சித்திரையில், தேனி அலுவலக மாடியில் நடக்கும். சித்திரையில் ஊருக்கு ஊர் திருவிழா. வெற்றிலை பாக்கு வாங்கி ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டால், வீட்டில் சாவு விழுந்தாலும் போய் ஆடிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது கரகக்காரர்களின் கட்டுப்பாடு. ராக்கம்மாளால் தேர்வுக்குப் போக முடியவில்லை. 'ஆர்வமில்லை' என்று நிதியம் அவர் பெயரை நீக்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் தவில்காரர் பொன்னுராஜ் தீர்மானமாகச் சொன்னார். “அக்கா, ஐப்பசி பொறந்தா ஆட்டமும் இல்ல, அடுப்பும் எரியல. அடுத்த மழையும் இப்படித்தான்னா நான் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருவேன்.”

தவில் போனால் செட்டே போய்விடும்.

தை மாதம் ராக்கம்மாள் நிதிய அலுவலகத்தின் படியேறினார். போடிக்காரரான சாராள் அங்கே செயலாளராகப் புதிதாக வந்திருந்தார்.

“கூப்பிட்டா வர மாட்டீங்களாமேம்மா?”

“எப்பக் கூப்பிட்டீக? வீரபாண்டித் திருவிழா அன்னைக்கு! அன்னைக்கும் வேலையில்லாமச் சும்மா இருந்தவுக எல்லாம் வந்திருப்பாகளே.”

சாராள் சிரிக்கவில்லை. “அப்ப உங்களை எங்க வந்து பாக்கணும்?”

“ஆடுற எடத்துல பாருங்க. ஒத்தை ஒத்தையாவும் பாக்காதீக. தவில் இல்லாட்டி நான் தலையில கொடம் வச்ச பொம்பள, அம்புட்டுத்தான்.”

மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பழகிய தேர்வுக் குழு உறுப்பினர்கள் முனகினார்கள். சாராள் விடவில்லை. நிதியத்தின் விதிகள் மாறின. இனி தேர்வு திருவிழாக் களத்திலேயே நடக்கும். உதவி மொத்த செட்டுக்கும், ஆட்டமில்லாத மழை மாதங்களில் மாதாமாதம் வரும். குழுவில் பாதி இடம் கலைஞர்களுக்கு. முதல் ஆளாக ராக்கம்மாளைச் சேர்த்தார்கள்.

“இனி நமக்கு நாமளே மார்க்குப் போட்டுக்கலாம்” என்றார் பொன்னுராஜ்.

“நம்ம செட்டுப் பேரு வந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அதையும் விதியாச் சேக்கச் சொல்லிட்டேன்.”

“கெடுத்தியே குடிய!”

சித்திரையில் உறுப்பினர்கள் வீரபாண்டிக்கு வந்தார்கள். புழுதியிலும் நெரிசலிலும் நின்றே பார்த்தார்கள். பொன்னுராஜின் தவில் வேகமெடுக்க, கரகம் அசையாமல் ராக்கம்மாள் பின்னால் வளைந்து, தரையில் கிடந்த ரூபாய் நோட்டை வாயால் எடுத்தார். அதிகம் முனகிய உறுப்பினர்தான் முதலில் விசிலடித்தார்.

வைகாசியில் முடிவுக் கூட்டம். 'ஜெயமங்கலம் செட்' என்று வாசித்ததும் ராக்கம்மாள் எழுந்து வெளியே போனார். உள்ளே பேச்சு நீண்டது. பிறகு கைதட்டல். சாராள் கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்க. ஒருத்தர்கூட மறுக்கல.”

ஐப்பசி மழையில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் குமுளி மலையேறின. எதிலும் பொன்னுராஜ் இல்லை. அவர் ராக்கம்மாள் வீட்டுக் கொட்டகையில் தவில் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“மழையிலயும் விட மாட்டேங்கிறியேக்கா!”

“பின்ன, தூங்கவா காசு குடுக்குறாக? ஏலே, அடி!”