நுஹாத் அக்கா தேர்ந்தெடுத்த நாற்காலி

அம்மான் நகரில் எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் நுஹாத் அக்காவைப் போல வேலையை நேசித்த இன்னொருத்தி கிடையாது. எனக்கு அந்த நேசம் சுத்தமாகப் புரியாது. மணி நான்கு ஆனால் என் கைப்பை தானாகத் தோளில் ஏறிவிடும். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்களும் போய்விட்டார்கள். காலையில் எழுந்து போய்ச் சேர அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த அலுவலகம். அதற்கும் வந்தது கேடு. முதுகெலும்பில் தட்டு விலகி, உட்கார்ந்தால் உயிர் போகிற வலி. சரியான இருக்கை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன அன்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நல்லவேளையாக அந்த வருடம் அலுவலகம் புது மாடிக்கு மாறியது. அவரவர் மேசை நாற்காலியை அவரவரே கடையில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் வழவழப்பைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் ஒன்றைக் காட்டிவிட்டேன். அவளோ என்னைக் கடை கடையாக இழுத்தடித்தாள். பாதம் தரையில் முழுசாகப் படிகிறதா, முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிறதா, இடுப்பின் வளைவில் சாய்மானம் முட்டுக் கொடுக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, வெறும் மேசையில் தட்டச்சு செய்து பார்த்தாள்.

கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். “ஏம்மா, நாற்காலி வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?”

“மாப்பிள்ளைன்னா கண்ண மூடிக்கிட்டு சரின்னுடலாம். இது தினமும் எட்டு மணி நேரம் என்னைத் தாங்கணுமே!” என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

அலுவலகத்தில் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடச் சொன்னாள், கணினித் திரையில் வெயில் அடிக்கக் கூடாதென்று. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினாள். அந்த வாரம் வலி மாத்திரையை அவள் தொடவே இல்லை.

புதுசாக ஏதாவது வந்தால் வாழ்த்த வருவார்களே, அவர்களுக்காக வீட்டிலிருந்து ஏலக்காய்க் காப்பி போட்டு எடுத்து வந்திருந்தாள். எல்லாரும் வந்து குடித்தோம். கடைசியாக மேலாளர் அபூ கைஸ் வந்தார். கோப்பையை வாங்கினார், குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் வழக்கத்தில், குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால் ஒன்று கேட்க வந்திருக்கிறார், தருகிறேன் என்றால்தான் குடிப்பார் என்று அர்த்தம். பெண் கேட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். அவர் மகனுக்கு அக்காவின் தங்கை மகளைப் பார்ப்பதாகப் பேச்சு வேறு அடிபட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் பூரித்துப்போனது. என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதுதானே எங்களுக்குப் பெருமை!

“குடிங்க அபூ கைஸ். எது கேட்டு வந்தீங்களோ அது உங்களுக்குக் குடுத்தாச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நம்ம கிளையில ஒருத்தரைக் குறைக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க தங்கச்சி. யாராவது தானா விலகிக்கிட்டா நல்லது. மத்தவங்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி இருக்கு. உனக்கு…”

சொன்னதே போதாதா? கோப்பையைக் கீழே வைத்தால் அவள் மறுக்க மாட்டாள் என்று தெரிந்தே வைத்த மனிதர்.

“முடியாதுன்னு சொல்லுக்கா! இது என்ன நியாயம்?” என்று கத்தினேன்.

“சொன்னது சொன்னதுதான் சுஹா. இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன்,” என்றாள். பிறகு அவர் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். “ஆறிப்போச்சு. வேற ஊத்தித் தரேன்.”

ஊற்றிக் கொடுத்தாள். அந்த மனிதர் அதையும் வாங்கிக் குடித்தார்.

அவள் வேலையை விட்டுப் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அலுவலக உடையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், கூந்தலை வாரி முடிந்து நின்றாள்.

“எங்கயாவது கிளம்பிட்டியாக்கா? முதுகு எப்படி இருக்கு?”

“முதுகுக்கு ஒண்ணுமில்ல, இப்ப வலியே இல்ல,” என்றாள். “எழுந்திருக்கேன், குளிக்கிறேன், உடுத்திக்கிறேன். அதுக்கப்புறம் எங்க போறதுன்னுதான் தெரியல சுஹா.”