பதினாறு சேனலும் ஒரு தாலி முடிச்சும்

கல்யாணப் படம் எடுப்பது என்பது கூட்டமாக நிற்கும் இடத்தில் ஒரு முகத்துக்கு வெளிச்சம் தேடித் தரும் தொழில். அன்று புதுச்சத்திரம் மண்டபத்தில் மேடைமேல் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மணப்பெண் நிவேதா, மாப்பிள்ளை, இரு தரப்புத் தாய் தகப்பன் நான்கு பேர், சடங்கு செய்து வைக்கும் அருமைக்காரர், தாய்மாமன்கள் இரண்டு பேர், விளக்குப் பிடித்த மாப்பிள்ளையின் அக்கா, வீடியோக்காரர், மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் சண்முகம், பெண் வீட்டு போட்டோகிராபரான நான், என் ஃபிளாஷ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மச்சினன் பழனிச்சாமி. மொத்தம் பதினாலு பேர். மேளக்காரர்கள் நாலு பேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை.

இந்தப் பதினாலில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு முகம், நிவேதாவின் முகம். பெண்ணின் தகப்பனார் நல்லசாமி, போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபரின் ஃபிளாஷ் எரியவில்லை. வீடியோ விளக்கு மட்டும் ஒரு பக்கமிருந்து அடித்ததில் மாப்பிள்ளையின் கை நிழல் விழுந்து, அந்தப் பெண்ணின் முகம் கரி பூசியதுபோல் வந்துவிட்டது. எடுத்தவர் வேறு ஊர்க்காரர். அந்தப் படத்தை வீட்டில் யாரும் மாட்டவில்லை. இளையவள் கல்யாணத்துக்கு நல்லசாமி என்னிடம் வந்தபோது ஆல்பம் எத்தனை பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. "மத்த போட்டாவெல்லாம் எப்படி வேணும்னாலும் வரட்டுங்க. தாலி கட்டும்போது என்ர புள்ள மொகம் தெரியோணும். அது இல்லீன்னா எனக்கு ஆல்பமே வேண்டாமுங்க" என்றார்.

வயர்

கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை மாட்டி எடுத்தால் முகம் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி தட்டையாக வரும். தள்ளி, உயரமாக, குடை விரித்து நிறுத்தினால்தான் மூக்கு மூக்காக இருக்கும். இது உங்களுக்கும் தெரியும். ஆனால் தள்ளி நிற்கிற ஃபிளாஷுக்கு எப்போது எரிய வேண்டும் என்று யார் சொல்வது? நம்முடைய அவதியெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வெகுநாள் வயரில்தான் ஓட்டினேன். கேமராவிலிருந்து ஃபிளாஷுக்கு முப்பதடி வயர். மேடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டி வர வேண்டும். பட்டுச்சேலைக்காரர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள், பெரியவர்கள் பேரனைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்கள். யாரும் விழவில்லை. ஒரு மண்டபத்தில் சீர் முடிந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ஃபிளாஷ் இருக்கிறது, கேமரா இருக்கிறது, வயரைக் காணோம். பழனிச்சாமி மண்டபம் முழுவதும் தேடிவிட்டு வாசலுக்கு ஓடினான். மைக் செட்காரர் தன் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வயர்களோடு என் வயரையும் அழகாகச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, அடியில் வைத்திருந்தார். கோபப்பட இடமே தரவில்லை அந்த மனிதர். "மண்டபத்துல வயருன்னு கெடந்தா அது என்னுதுதானுங்க. இருவது வருசமா அப்படித்தான் சுருட்டிட்டு இருக்கறேன்" என்றார்.

கண் வைத்த கருவி

அடுத்து வாங்கியது ஒரு சின்னக் கண். ஃபிளாஷின் அடியில் மாட்டிவிட்டால், பக்கத்தில் வேறு எந்த ஃபிளாஷ் எரிந்தாலும் அதைப் பார்த்து இதுவும் எரியும். கேமராவில் ஒரு சின்ன ஃபிளாஷ் மின்னினால் போதும், தூரத்தில் நிற்கிற பெரியது கூடவே பளிச்சிடும். வயர் வேண்டாம், அதற்கென்று பேட்டரி செல் வேண்டாம், விலையும் குறைவு. வாங்கலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: அது யாருடைய வெளிச்சம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

கெங்கவல்லிப் பக்கம் ஒரு வரவேற்பு. மரவள்ளிக் காட்டை ஒட்டி வீட்டு முன்னால் பந்தல். ஏழு மணிக்குப் பச்சைமலைப் பக்கம் மின்ன ஆரம்பித்தது. மழை இல்லை, இடி இல்லை, மின்னல் மட்டும். அங்கே ஒரு மின்னல் வெட்டினால் இங்கே என் ஃபிளாஷ் ஒரு தடவை பதில் சொல்லும். நான் கேமராவைத் தொடவே இல்லை. மணமக்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனார்கள். நான் பட்டனை அமுக்கும்போது ஃபிளாஷ் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். இப்படி ஒன்பது படம் இருட்டாகப் போனது. முன்வரிசையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி வெகுநேரம் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, மேல இருக்கறவரு ஒண்ணு எடுக்கறாரு, கீழ நீ ஒண்ணு எடுக்கற. பொண்ணு வூட்டுக்காரங்க யாரப்பா கூப்பிட்டாங்க?"

அஸ்தம்பட்டியில் ஒரு சோதனை

நல்லசாமி வந்துவிட்டுப் போன வாரமே சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய் ரேடியோ டிரிக்கர் வாங்குவது என்று முடிவு செய்தேன். கேமராவின் தலையில் ஒரு பெட்டி, ஃபிளாஷின் காலடியில் ஒரு பெட்டி. மேலே இருப்பது சொல்லும், கீழே இருப்பது கேட்கும். கடையில் புதிய ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம், அதனால் கேட்க வேண்டியதைப் பேருந்திலேயே மனப்பாடம் செய்துகொண்டேன். சாதாரணப் பென்சில் செல்லில் ஓடுமா? சும்மா வைத்திருந்தால் தூங்கிப்போகுமா, தூங்கினால் எழுப்ப எவ்வளவு நேரம்? எத்தனை சேனல்? எவ்வளவு தூரம்?

கடையில் இருந்த அம்மா மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவதில் நாலு சேனல். இரண்டாவதில் பதினாறு. மூன்றாவதில் ஃபிளாஷின் பவரைக் கேமராவில் இருந்தே கூட்டிக் குறைக்கலாம், ஆனால் என் பழைய ஃபிளாஷ் அந்தப் பேச்சைக் கேட்காது என்றார். உள்ளதைச் சொன்னது எனக்குப் பிடித்தது. "பக்கத்துல இன்னொருத்தர் இதே டிரிக்கர் வெச்சிருந்தா உங்க ஃபிளாஷ் அவருக்கும் எரியும். பதினாறு சேனல்ன்னா நீங்க பாட்டுக்கு மாறிக்கலாம்" என்றும் சொன்னார். இரண்டாவதையே எடுத்தேன்.

ஆனால் தூரத்தைப் பெட்டிமேல் போட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது என்பது என் கட்சி. பழனிச்சாமியிடம் ஃபிளாஷைக் கொடுத்து ஏற்காடு சாலை ஓரமாக நடக்கச் சொன்னேன். நான் கடை வாசலில் நின்று அமுக்க, அவன் ஒவ்வொரு மின்கம்பமாக நின்று கையைத் தூக்கிக் காட்டினான். மூன்றாவது கம்பத்தில் அமுக்கினேன். எரிந்தது. அந்த நேரம் பார்த்து பைக்கில் அவனைத் தாண்டிப் போன ஒருவர் பிரேக் அடித்து, வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து அவன் முன்னால் நின்றார். நான் பயந்துபோய் ஓடினேன். அவர் பெட்ரோல் டேங்கைக் கைகாட்டி, மிகவும் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஹெல்மெட் வண்டியிலதான் சார் இருக்கு. தலைக்கு மாத்தறதுக்குள்ள எடுத்துட்டீங்க."

இரும்பு

கல்யாணத்துக்கு முன்னால் நல்லசாமி புது ரிக் ஒன்று வாங்கினார். திருச்செங்கோட்டில் பூஜை. டிரிக்கரைப் பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு என்று நினைத்துப் போனேன். வண்டிக்குப் பின்னால் ஃபிளாஷை நிறுத்தினால் ஓரமெல்லாம் கோடு போட்டதுபோல் மின்னும் என்பது என் கணக்கு. பழனிச்சாமி பின்னால் போனான். அமுக்கினேன். எரியவில்லை. செல்லை மாற்றினான். எரியவில்லை. ஃபிளாஷை இரண்டடி வெளியே நகர்த்தினான், எரிந்தது. உள்ளே நகர்த்தினான், மறுபடி எரியவில்லை. சாலையில் மூன்று கம்பம் தாண்டிய சைகையை நடுவில் நின்ற அத்தனை இரும்பு தடுத்துவிட்டது.

கடைசியில் கேட்கும் பெட்டியை மட்டும் ஒரு முழ வயரில் வண்டிக்கு வெளியே தொங்கவிட்டு எடுத்தோம். படம் நன்றாகவே வந்தது. ஆனால் நல்லசாமி படத்தைப் பார்க்கவில்லை, அந்தத் தொங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயிரம் அடிக்குக் கீழ பாறையில இருக்கற தண்ணியவே நாங்க மேல கொண்டாந்துடறோம். உங்களுது ஒரு வண்டிக்கு அந்தாண்ட போக மாட்டேங்குது. கல்யாணத்துக்குத் தாங்குமுங்களா?"

முகூர்த்தம்

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபரும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோகிராபரும் வைப்பது வழக்கம். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பெண் பக்கம் என் ஸ்டாண்ட், மாப்பிள்ளை பக்கம் அவர் ஸ்டாண்ட். எல்லையைத் தாண்டிக் குடை விரித்தால் சம்பந்திச் சண்டையே வந்துவிடும்.

கல்யாணத்தன்று அதிகாலையில், நாட்டுக்கல் சீர் என்ற சடங்கின்போது என் ஃபிளாஷ் தானாக எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் சண்முகம். ராசிபுரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். கேமராவின் தலையில் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டி. கடைக்கார அம்மா சொன்னது நினைவு வந்தது. பேசாமல் ஒன்றிலிருந்து ஐந்துக்கு மாறினேன். சற்று நேரம் அமைதி. மறுபடி தானாக எரிந்தது. ஏழுக்கு மாறினேன். அங்கேயும் வந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவரும் தன் ஃபிளாஷ் தானாக எரிகிறதே என்று மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். நல்ல காரியத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி ஒற்றைப்படையாகவே இருவரும் பார்த்து மாறியதில் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்தோம்.

தாலி கட்டக் கால்மணி நேரம் இருந்தது. முழு பவரில் ஒரு தடவை எரிந்தால் என் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏற நாலு நொடி ஆகும். முடிச்சுப் போடும் நேரத்தில் அவர் முதலில் அமுக்கினால் எனக்கு இருட்டு. அந்த நாலு நொடியில் நிவேதாவின் முகமும் அக்கா முகம் மாதிரிதான் வரும். நல்லசாமி வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பழனிச்சாமி காதருகே வந்தான். "மாமா, போய் ஒரு வார்த்த கேளுங்க. பொண்ணா கேக்கப் போறீங்க? சேனல்தானே?"

போனேன். மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. "ஏனுங்க, எந்த நெம்பர்ல இருக்கறீங்க?" என்று கேட்டேன். சண்முகம் பெருமூச்சு விட்டார். "அட, நீங்களும் இதே பெட்டிதானா! நான் என்னுது கெட்டுப்போச்சுன்னு விடியக்காலம் புடிச்சு செல்லையும் நெம்பரையும் மாத்திட்டே இருக்கறனுங்க. சரி, நான் ரெட்டைப்படைக்குப் போயிடறேன்."

சரி என்று சொல்ல வாயெடுத்தவன், என் கேமராவில் கடைசியாக எடுத்த படத்தைப் பார்த்தேன். மாலை மாற்றும் படம். மாப்பிள்ளையின் இரண்டு கையும் பெண்ணின் கழுத்தருகே இருந்தன. நான் அமுக்கியபோது அவருடைய ஃபிளாஷும் சேர்ந்து எரிந்திருந்தது. வெளிச்சம் கொஞ்சம் கூடுதல், ஆனால் முகத்தில் நிழல் இல்லை. ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து வெளிச்சம் துடைத்துவிட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு கை இருக்கும்போது ஒரு ஃபிளாஷ் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கை குறுக்கே வரத்தான் செய்யும். படத்தை அவரிடம் காட்டினேன்.

"மாற வேண்டாமுங்க. இப்படியே இருக்கட்டும்" என்றேன். "ரெண்டு பேரும் பாதி பவர் வெச்சுக்கலாம். சார்ஜும் சீக்கிரம் ஏறும். மொத முடிச்சு நீங்க, ரெண்டாவது நான்."

"மூணாவது?"

"அது பொண்ணு மாப்பிள்ளைக்கே இருக்கட்டுமுங்க."

சண்முகம் சிரித்துவிட்டு டயலைத் திருப்பினார்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. முதல் முடிச்சில் அவர் அமுக்கினார், இரண்டு பக்கமும் பளிச்சிட்டது. என் ஃபிளாஷில் சார்ஜ் ஏறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு வந்துவிட்டதா என்று பழனிச்சாமி பார்த்துத் தலையசைத்தான். இரண்டாவது முடிச்சு. நிவேதா நிமிர்ந்தாள். அமுக்கினேன். இரண்டு பக்கமும் எரிந்தது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நல்லசாமி நேராக என்னிடம் வந்து கேமராவின் பின்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துண்டால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்ர புள்ள மொகம் இருக்குதுங்க. மாப்பிள்ள மொகந்தான் அட்சதையில மறைஞ்சு போச்சு. அது போகட்டும், அவிய போட்டாக்காரர் பாடு."

பதினாறு சேனல் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய டிரிக்கரில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கடைசியில் செலவானது ஒன்று, மிச்சம் பதினைந்து.