பிடிபட்ட கப்பலைத் தேடியபோது

1955ஆம் வருஷம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி நான்கைந்து மாதங்கள் ஆகியிருந்தன. நான் காரைக்காலிலிருந்து வந்து அங்கே ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்தேழு. அப்போது எனக்கு இரண்டு கர்வங்கள் உண்டு. ஒன்று என் பிரெஞ்சு. இன்னொன்று, போர்க்கப்பல்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. படகில் ஏறினாலே வாந்தி எடுக்கும் ஆள் நான். ஆனால் எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன்.

நான் குடியிருந்த அறையின் சொந்தக்கார அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம். கன்னியர் மடத்துக்குப் பூத்தையல் போட்டுக்கொடுத்துத் தனியாகப் பிழைத்துவந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, ஒரு போர்க்கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. யுத்தம் வந்துவிட்டது. பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்ததும், தங்கள் துறைமுகங்களில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களை இங்கிலீஷ்காரர்கள் ஒரு விடியற்காலையில் ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். அதில் இவருடைய கப்பலும் ஒன்று. அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். இவர் வரவில்லை. செத்துப்போனார் என்று ஒரு காகிதமும் வரவில்லை. அதனால் பதினைந்து வருஷமாக அக்கா தாலியோடு இருந்தார். மாதா மாதம் கோயிலில் அவர் நலமாகத் திரும்பிவர ஒரு பூசை வைப்பார். தெருவில் இதைக் கேலி பேசியவர்களும் உண்டு.

ஒருநாள் அவர் எடுத்துக் காட்டிய தபால் அட்டையில் அந்தக் கப்பலின் படமும் பெயரும் இருந்தன. எனக்கு அது போதும். “நான் கண்டுபிடிக்கிறேன் அக்கா” என்றேன்.

“இருக்காரா இல்லியான்னு தெரிஞ்சா போதும் வாத்தியாரே. பதினஞ்சு வருசமா நான் வாழறவளாவும் இல்லாம அறுத்தவளாவும் இல்லாம நிக்கிறேன்” என்றார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் நூலகத்தில் கழிந்தன. யுத்தகாலப் பத்திரிகைகள், கடற்படை இதழ்கள் என்று தூசி தட்டித் தட்டி இருமல் வந்ததுதான் மிச்சம். பிரான்சில் கடற்படையின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டு வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலின் கதை பிடிபட்டது. இங்கிலீஷ்காரர்கள் அதற்குத் தங்கள் கொடியை ஏற்றி, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக அட்லாண்டிக் கடலில் ஓட்டியிருக்கிறார்கள். எந்த மாதம் எங்கே போனது, எங்கே நீர்மூழ்கியோடு மோதியது, எங்கே பழுது பார்த்தது என்று ஒரு பெரிய தாளில் வரைபடம் போட்டு, சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனேன். செப்டம்பர் மாதம் ஒரு மத்தியானம் அந்தக் கோடு முடிந்தது. பனிக்காலத்துப் புயலில் கப்பல் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று ஓர் இதழில் நான்கு வரி. நான் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். எனக்கு அப்போது துக்கம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் வந்தது. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அக்காவிடம் வரைபடத்தை விரித்துவைத்து எல்லாம் சொன்னேன். பாடம் நடத்துவதுபோல்தான் சொல்லியிருப்பேன். அவர் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், பக்கத்து வீட்டிலிருந்த கணவரின் அண்ணனைக் கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் கோயிலில் துக்க மணி அடித்தது. உடல் இல்லாததால், கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டியை நடுவில் வைத்துப் பூசை நடந்தது. வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழ, அக்காவின் தாலியைக் கழற்றினார்கள். மாமனார் மாமியார் கல்லறையின் ஓரத்தில் சிமென்ட் சிலுவை ஒன்று எழும்பியது. அதில் கணவரின் பெயரைச் செதுக்க எழுத்துகளை எழுதிக்கொடுத்தவன் நான்தான். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது, அக்கா முதல்முறையாகத் தனக்கென்று ஓர் இடத்தில் மெழுகுவத்தி ஏற்றி, சாமந்திப் பூ வைத்தார். பதினைந்து வருஷத் தவிப்பை முடித்துவைத்தேன் என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஜனவரியில் பிரான்சிலிருந்து பதில் வந்தது. கடிதம் எழுதியதையே நான் மறந்திருந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபடி படித்தேன். கப்பல் பிடிபட்ட அன்று காலையிலேயே அதிலிருந்த பிரெஞ்சு மாலுமிகள் அனைவரும் கரையில் இறக்கப்பட்டு, முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இறக்கப்பட்டவர்கள் பட்டியலில் அக்காவின் கணவர் பெயர் இருக்கிறது. ஊர் திரும்பியவர்கள் பட்டியலில் இல்லை. அதற்கு மேல் தகவல் இல்லை.

பிடிபட்ட கப்பல், பிடிபட்ட கப்பல் என்று ஏழு மாதம் எழுதியவன் நான். பிடித்தவன் அதிலிருந்தவர்களை இறக்கிவிட்டுத் தன் ஆட்களைத்தானே ஏற்றுவான்? இது என் மண்டையில் உறைக்கவே இல்லை. நான் கப்பலைத் தேடினேன், ஆளைத் தேடவில்லை.

மூன்று வாரம் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழித்துப்போட்டால் யாருக்கும் தெரியாது. அக்கா இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறார், எதற்கு மறுபடி கிளற வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். ஆனால் வெள்ளைச் சேலையில் அவர் வாசலைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் என் கை அந்தச் சட்டைப்பைக்கே போனது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் தைத்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். “இன்னொரு வாட்டி படிங்க” என்றார். படித்தேன். “அவரு பேரு எங்க இருக்குது?” காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அப்போ நான் தாலி அறுத்தது தப்பா வாத்தியாரே?”

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார், அறையைக் காலி செய்யச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கழுத்தில் தாலி இருந்தது. தானே எடுத்து, தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தாலியைத் தன் கையால் கட்டிக்கொண்ட பெண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டார். “அந்தக் கப்பல்ல முழுகிப்போனவங்க யாரு?”

“இங்கிலீஷ்காரங்க அக்கா. வேற ஆளுங்க.”

“எத்தினி பேரு?”

“தெரியாது.”

“ஒருத்தர் பேராவது தெரியுமா?”

தெரியாது என்றேன். கப்பலின் நீளம் தெரியும். வேகம் தெரியும். மூழ்கிய இடம் தெரியும். அதில் செத்தவர்களை நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அந்தக் கடிதம் வந்த பிறகும் நினைக்கவில்லை.

அக்கா தாலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதான். அடிச்ச மணி, வச்ச பூசை, அழுத அழுகை எல்லாம் அவங்களுக்குப் போவட்டும். சிலுவை இருக்கட்டும், எடுக்க வேணாம். இவரு பேர மட்டும் அழிச்சிடணும். கொத்தனாரக் கூப்பிடாதீங்க. நீங்களே போயி அழிங்க.”

மறுநாள் உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சாக்பீஸ் பிடித்த கை. உச்சி வெயிலில் ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தினேன். பெயர் போன இடத்தில் சுண்ணாம்பு பூசி முடித்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

அதன்பின் ஆறு வருஷம் அந்த அறையிலேயே இருந்தேன். மாற்றலாகிப் போகிறவரை அவருடைய கணவரைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. எத்தனையோ கடிதம் போட்டுப் பார்த்தேன். மாதா மாதம் அவருக்காக வைக்கும் பூசையை அக்கா மறுபடி தொடங்கினார். நவம்பர் வந்தால் பெயரில்லாத அந்தச் சிலுவைக்கும் மெழுகுவத்தி வாங்குவார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இன்றும் கப்பல்களைப் பற்றிப் படிக்கிறேன், அந்தப் பைத்தியம் விடவில்லை. ஆனால் எங்காவது ஒரு கப்பல் மூழ்கியது என்று வந்துவிட்டால் அடுத்த பக்கத்துக்கு என்னால் போக முடிவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண், இருக்காரா இல்லியா என்று கேட்டுக்கொண்டிருப்பாள், எனக்கு இன்னும் பதில் தெரியாது.