ஆடிக் காற்றில் தேறிய கணினி

நான் அனுப்பிவைத்த பதினோரு வரைபடங்களில் எத்தனை தவறானவை? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று தவறு என்பதை அதன் சொந்தக்காரரே நேரில் வந்து காட்டினார். இன்னொன்றை நானே கண்டுபிடித்தேன். மூன்றைத் திரும்பச் செய்து பார்த்ததில் சரியாக இருந்தன. மீதி ஆறைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.

என் கணவர் ட்ரோன் பறக்கவிடுகிறவர். கம்பத்துக்குத் தெற்கே இருக்கும் திராட்சைத் தோட்டங்களின் மேல் பறந்து படம் எடுத்து வருவார். ஒரு தோட்டத்துக்குத் தொள்ளாயிரம், ஆயிரம் படங்கள் சேரும். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, பந்தல் தூண்களும் வரிசைகளும் அளவு தவறாமல் தெரிகிற ஒரே வரைபடமாக்குவது என் வேலை. அதை வைத்துத்தான் தோட்டக்காரர்கள் சொட்டுநீர்க் குழாய்க்கும் பந்தல் கம்பிக்கும் அளவு கொடுப்பார்கள். மதுரையில் சிவில் படித்தவள் நான். குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே செய்யக் கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

இந்த ஒட்டும் வேலைக்குக் கணினியில் மெமரி ஏராளமாக வேண்டும். முப்பத்திரண்டு ஜிபி மெமரி அட்டைகள் நான்கு வாங்கி, கணினிப் பெட்டிக்குள் இருக்கும் போர்டின் நான்கு பள்ளத்திலும் செருகினோம். மொத்தம் நூற்றிருபத்தெட்டு. முதல் முறை பொத்தானை அழுத்தியபோது திரை கறுப்பாகவே இருந்தது. பத்து நிமிடம் கழித்தும் கறுப்புதான். தேனியில் உதிரிபாகம் விற்றவருக்குப் போன் செய்தேன்.

"பயப்படாதீகம்மா. நாலு அட்டை போட்டா அப்பிடித்தான். போர்டு அதுகளைப் பழக்கிக்கிட்டு இருக்கு. அணைச்சிராதீக" என்றார்.

பக்கத்து வீட்டில் இருக்கும் கணவரின் அக்கா, நான் மதினி என்று அழைப்பவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். "நம்ம வீட்டுக்கு வந்த மருமகளே ஒரு வாரத்துல பழகிட்டா. இதுக்கு என்னவாம்?" என்றார். கடைசியில் அது பழகியது.

சிக்கல் நேரத்தில் இருந்தது. ஒரு தோட்டத்தின் படங்களை ஒட்ட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. என் மகள் மதியம் தூங்குவது இரண்டு மணி நேரம், சில நாள் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக. வேலைக்கு நடுவில், தோட்டத்தில் அளந்து இட்டுவந்த தரைக்குறிகளைப் படங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அவள் விழித்துவிட்டால் முதலில் தேடுவது பெட்டியில் எரிகிற நீல விளக்கைத்தான். அந்த விளக்குதான் பொத்தானும். இரண்டு முறை அழுத்தி, முக்கால்வாசி முடிந்த வேலையை அணைத்துவிட்டாள். எண்ணெய் டப்பா மூடியை அதன்மேல் டேப் போட்டு ஒட்டினேன். மூடியைப் பிடுங்குவது அவளுக்குப் புதிய விளையாட்டாயிற்று. பெட்டியை ஜன்னலோரம் உயரமான மேசைக்கு மாற்றினேன்.

வேகத்தைக் கூட்டினால் தூக்கத்துக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றியது. பிராசசரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றி ஒரு மாதம் படித்தேன். எதையும் படிக்காமல் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். பிராசசரின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினேன். மெமரி அட்டை வந்த பெட்டியில் அதன் வேகம் ஆறாயிரம் என்று அச்சிட்டிருந்தார்கள். அது இரண்டு அட்டை போடுகிறவர்களுக்கான எண் என்பதை போர்டின் கையேட்டில் சின்ன எழுத்தில் படித்தேன். நான்கு போட்டால் நாலாயிரத்துச் சொச்சம்தான் உறுதி. ஆனாலும் ஐயாயிரத்து அறுநூறு வைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் கணினி எழுந்துகொண்டது. ஒரு நாள் முழுக்க மெமரிச் சோதனை ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை.

அது ஆடி மாதம். இந்தப் பள்ளத்தாக்கில் ஆடியில் குமுளிப் பக்கமிருந்து இறங்கும் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாடியில் காயப்போட்ட துணியைத் தெருக்கோடியில் போய்ப் பொறுக்குவோம். மேற்கு ஜன்னல் திறந்தே கிடந்தது. தூசு வந்தாலும் பரவாயில்லை என்று பெட்டியின் பக்கத் தகட்டையும் கழற்றி வைத்திருந்தேன். ஒரு நோட்டில் தேதி, வேகம், மின்னழுத்தம், பிராசசரின் சூடு, முடிக்க எடுத்த நேரம் என்று கட்டம் போட்டு எழுதினேன். இரண்டு மணி ஐந்து நிமிடம். எனக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் அப்படியே போயின. மகள் கண் விழிக்கும்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசியில் காற்று நின்று மழை பிடித்தது. மகளுக்குச் சளி கட்டிக்கொண்டது. நான்தான் ஜன்னலைச் சாத்தினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு மேசையில் ஏறப் பழகியிருந்தாள் என்பதால் பக்கத் தகட்டையும் நான்தான் மாட்டித் திருகினேன். இரண்டுமே அவளுக்காகச் செய்தவை. இரண்டையும் நோட்டில் எழுதவில்லை. அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அந்த வாரத்திலிருந்து கணினி வேலைக்கு நடுவில் நின்று விழத் தொடங்கியது. எழுபது சதவீதத்தில் ஒரு நாள், தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள், பாதியில் ஒரு நாள். திரை நீலமாகி, வருந்துகிறோம் என்று ஒரு வரி வரும். அதன் வருத்தத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. கரண்டு சரியில்லை என்று கணவரிடம் ஸ்டெபிலைசரை மாற்றச் சொன்னேன். மாற்றினார். மறுநாளும் விழுந்தது. மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். விழுந்தது. நான் முதலில் கூட்டியது பிராசசரைத்தானே என்று அதன் வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் விழுந்தது. அப்படியானால் அது குற்றவாளி இல்லை என்று மறுபடி கூட்டினேன். மெமரியை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒரு நாள் முழுக்கச் சோதித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேனே.

கடைசியில் கணவர் எடுத்துவரும் படங்களைச் சந்தேகித்தேன்.

"படம் கலங்கியிருக்கு. மழைக்குள்ள பறக்கவிட்டா எப்பிடி ஒட்டும்?" என்றேன்.

"மழையில எவன் பறக்கவிடுவான்? நனைஞ்சு ட்ரோன் பந்தல்ல எறங்கினாத் திராட்சையோட சேத்து என்னையவும் பறிச்சுருவாக. உன் பெட்டியைப் பாரு."

"பெட்டியத்தான் பத்து நாளாப் பாக்குறேன். பிள்ளையப் பாக்கல."

மதினி வாசலில் நின்றபடியே சொன்னார்: "ரெண்டு பேரும் அந்தப் பெட்டிக்குச் சுத்திப் போடுங்க. வீட்டுலயே அதுக்குத்தான் கண்ணு பட்டுருக்கு."

விழாமல் முடிந்த வேலைகளை அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருந்தேன். இதுதான் என் பெரிய தவறு. விழுந்தால்தான் கோளாறு, முடிந்துவிட்டால் சரி என்று நினைத்தேன்.

ஒரு காலை, இரண்டு மாதமாக எங்களிடம் வேலை கொடுத்துவந்த ஒரு தோட்டக்காரர், வரைபடத்தை அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். காபி வேண்டாம் என்று சொல்லி, தரையில் அதை விரித்து நான்கு மூலையிலும் மகளின் பொம்மைகளை வைத்தார்.

"ஆத்தா, நீங்க படிச்சவுக. எனக்கு ஒண்ணு வெளங்கல. என் பம்புசெட்டு இங்கன இருக்கணும். படத்துல அங்கன கெடக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் நெலத்துக்குள்ள. அவன் பாத்தான்னா விருந்தே வைப்பான்."

குனிந்து பார்த்தேன். வடக்கு ஓரத்தில் பந்தல் வரிசைகள் படிக்கட்டு மாதிரி ஒரு இடத்தில் நகர்ந்திருந்தன. மூன்று வரிசைகளைக் காணவே இல்லை.

"குழாய் வாங்கிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. நல்லவேளை, வீட்டுல இருக்கவுகதான் பம்புசெட்டப் பாத்துட்டுச் சிரிச்சாக."

அவர் கோபப்படவில்லை. திருத்தித் தருகிறேன் என்றதும் பொம்மைகளை எடுத்து மகளிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றே அவருடைய படங்களை மறுபடி ஒட்டினேன். பம்புசெட் சரியான இடத்துக்கு வந்தது. கிழக்கே ஒரு மூலை வளைந்தது. மறுநாள் மூன்றாம் முறை. இந்தத் தடவை பரப்பளவே வேறு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கடுகளவு வித்தியாசம் வருவது இயல்புதான். இது கடுகளவு இல்லை.

மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். எதையோ செய்ய வேண்டும் என்ற எரிச்சலில் மெமரி அட்டைகளை அழுத்திப் பார்க்கக் கை வைத்தேன். நடுவில் இருந்த ஓர் அட்டையில் விரல் நிற்கவில்லை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நான்கும் இடைவெளி இல்லாமல் நெருங்கி நின்று ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் தனித்தனி வெப்பமானி உண்டு. நான் இத்தனை மாதமும் பிராசசரின் சூட்டை மட்டும்தான் எழுதிவந்திருக்கிறேன்.

நோட்டைப் புரட்டினேன். ஐந்து கட்டங்கள், ஒழுங்கான கையெழுத்து. ஜன்னல் திறந்திருந்ததா என்பதற்குக் கட்டம் இல்லை. ஆடிக் காற்று நேராக வந்து அந்த நான்கு அட்டைகள்மேல் அடித்துக்கொண்டிருந்தபோது எடுத்த தேர்ச்சியை, காற்றே இல்லாத மூடிய அறையில் நம்பியிருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆடிக் காற்று எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது கேட்காமலே தெரியும். அதனால்தான் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை போலும்.

ஜன்னலும் தகடும் மூடியபடியே மெமரிச் சோதனையைத் திரும்ப ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. வேகத்தைக் கையேட்டில் சொன்ன இடத்துக்கு இறக்கினேன். அன்று முழுக்க ஒரு பிழையும் இல்லை. மறுபடி இரண்டரை மணி நேரம். தோட்டக்காரருக்குச் சரியான வரைபடத்தை அனுப்பினேன். பம்புசெட் வீடு திரும்பியாச்சு என்று பதில் வந்தது.

ஜன்னல் சாத்தியபின் நான் அனுப்பியவை அவருடையதோடு சேர்த்துப் பதினொன்று. அவருடையது போக நான்குக்கு மட்டும் ட்ரோன் படங்கள் என் கணினியில் இருந்தன. அவற்றில் ஒன்றில் மேற்கு ஓர வரிசைகள் நகர்ந்திருந்தன. சத்தமில்லாமல் திருத்திய படத்தை அனுப்பிவிட்டேன். சத்தமில்லாமல் என்று எழுதும்போதே உறுத்துகிறது. மீதி ஆறின் படங்கள் இல்லை. இடம் போதவில்லை என்று நானே அழிக்கச் சொன்னேன். அவர்களிடம் இருப்பது நான் ஒட்டிய வரைபடம் மட்டுமே.

"ஒருத்தரும் கேக்கல. நீயாப் போயி தப்பா இருக்கலாம்னு சொன்னா, நாளைக்கு எவுக நம்மளக் கூப்புடுவாக?" என்கிறார் கணவர். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா மறுபடி பறந்து எடுத்துத் தாரேன். காரணம் நீ சொல்லிக்க" என்றும் சொன்னார். மகள் இப்போது வேலை முடியும் முன்பே எழுந்துவிடுகிறாள். ஒரு கையில் அவள், ஒரு கையில் மௌஸ். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஆசைப்பட்டது தவறா, சோதித்த விதம் தவறா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நான்கு அட்டை போட்டு மாதக்கணக்கில் கனமான வேலை ஓட்டுகிறவர்கள் இருந்தால், கோடையிலும் மழையிலும் ஒரே மாதிரி நம்பத்தக்க வேகம் எது, அதை எப்படிச் சோதிப்பது என்று எழுதுங்கள். கைமீறிப்போன வேலையில் பிழை இருக்கலாம் என்று, பிழை எது என்று தெரியாமலே, யாரிடமாவது போய்ச் சொல்ல நேர்ந்தவர்களும் எழுதுங்கள். ஆறு பேருடைய எண்களும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. போனை எடுத்துவிடுகிறேன், முதல் வாக்கியம்தான் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?