புறா கொண்டுவந்த இலை

ஒரே கதையைப் பத்துப் பேரிடம் கேட்டுப் பத்து விதமாகவும் எழுதி வைத்துக்கொள்பவனை ஆய்வாளன் என்பார்கள். அதே பழக்கத்தோடு திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவனை என்ன சொல்வார்கள் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்க ஒப்புக்கொண்டு, பிறகு ஏன் ஒப்புக்கொண்டோம் என்று யோசித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாய்மொழிக் கதைகளின் பேதங்களைத் தொகுப்பது என் தொழிலாக இருந்தது. கதை சொல்பவரைத் திருத்தக் கூடாது என்பது அதன் முதல் ஒழுங்கு. எங்கள் கிறிஸ்தவ சபையோ யூதர்களின் வேதமாகிய பழைய ஏற்பாட்டையும் அவர்களுடைய பண்டிகைகளையும் கற்பிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. ஞாயிறு காலையில் சித்தூர் வகுப்பு. மாலையில் பஸ் ஏறிப் போய்த் திருப்பதி வகுப்பு. ஆண்டின் முடிவில் வாய்மொழித் தேர்வு. தேறியவர்களுக்குத்தான் சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல், அதன் பிறகுதான் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து.

மாவிலை

வெள்ளம் வடிந்துவிட்டதா என்று பார்க்க நோவா தன் பேழைக் கப்பலிலிருந்து அனுப்பிய புறா, அலகில் எதைக் கொண்டுவந்தது என்று சித்தூரில் கேட்டேன். "மாவிலை சார்," என்றான் ஜோயல். அவன் தந்தைக்கு மாங்கூழ் ஆலையில் வேலை. வேதத்தில் இருப்பது ஒலிவ இலை. ஆசிரியராக இருந்தால் அதைச் சொல்லியிருப்பார். என் கை குறிப்பேட்டைத் திறந்து, "மாவிலை, சித்தூர், தந்தைவழி" என்று எழுதிக்கொண்டது.

அன்று மாலை திருப்பதியில் அதே கேள்விக்கு வேப்பிலை வந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். ஒலிவ மரத்தைக் கண்டிராத இரண்டு ஊர்கள் தத்தம் மரத்தைப் பேழைக்குப் பக்கத்தில் நட்டிருக்கின்றன என்ற மகிழ்ச்சியில், திரும்பி வரும்போது பாகாலாவைக் கடந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் வகுப்பறை வாசலில் ஜோயல் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "சாரே நோட்டுல எழுதிக்கினாரு இல்ல, அப்ப அதான்டா கரெக்டு."

காலியாகாத பெஞ்சு

சித்தூர் வகுப்பு ரூபி முந்தைய ஆண்டு தேர்வில் தவறியவள். பள்ளிப் படிப்பு முழுவதும் தெலுங்கு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தேர்வாளர் அம்மையார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அச்சில் உள்ளது உள்ளபடியே வர வேண்டும் அவருக்கு. இந்த ஆண்டு தேர்வு முடிந்த கையோடு ரூபி பெங்களூருக்கு நர்சிங் படிக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைக்காத படிப்பு அது. இப்போதும் தவறினால் இன்னும் எத்தனை ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் சேர வந்த அன்று அவள் கெஞ்சவில்லை, நடந்ததை மட்டும் சொன்னாள்: "போன வருசம் எல்லாரும் எழுந்து திருவிருந்துக்குப் போனாங்க சார். நான் மட்டும் பெஞ்சுல ஒக்காந்துக்கினு என் காலையே பாத்துக்கினு இருந்தேன்."

கசக்காத பாகற்காய்

எகிப்திலிருந்து யூதர்கள் மீண்டதைக் கொண்டாடும் பஸ்காவை விளக்குவதற்கு ஒரு சிறு விருந்து ஏற்பாடு செய்தேன். புளிக்காத அப்பத்துக்குச் சப்பாத்தி. அடிமைத்தனத்தின் கசப்பை நினைவுகூரப் பாகற்காய். யூத வீடுகளில் அன்றிரவு வீட்டின் இளையவர் கேள்வி கேட்க, பெரியவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். "எங்க நைனாவக் கேட்டா, மொதல்ல ஒன்னோட மார்க் சீட்ட எடுத்தாடான்னுவாரு," என்றான் ஜோயல்.

பாகற்காய் அவன் வீட்டிலிருந்து வந்தது. வாயில் போட்டால் வெல்லப்பாகு. எகிப்தின் துயரம் எள்ளளவும் இல்லை. பாத்திரத்தை வாங்கிப்போக வந்த அவன் தாயாரிடம் மெதுவாகக் காரணம் கேட்டேன். அவர் என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தார்: "சாப்பிடக் கூப்ட்டுட்டு எப்பிடி சார் கசப்பாப் போடறது?"

அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒத்திகை

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, பாஸ்டர் வகுப்புக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். புறா எதைக் கொண்டுவந்தது? வகுப்பே ஒரு குரலாக மாவிலை என்றது. பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாக, "அது தவறு" என்று வாய்விட்டுச் சொன்னேன். திருப்பதிக்கும் போய்ச் சொன்னேன்.

ஆனால் அன்று ரூபி வரவில்லை. சான்றிதழ் வாங்கக் குப்பம் நகருக்குப் போயிருந்தாள். அவள் தந்தைக்குப் போன் செய்தேன். சரியான விடையை அவளிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்தக் குரலில் லாரி இரைச்சல்தான் அதிகம் இருந்தது. பாஸ்டர் கிளம்பும்போது என் தோளைத் தட்டிச் சொன்னது வாரம் முழுவதும் கூடவே வந்தது: "அந்தப் பொண்ண இந்தத் தபாவும் ஒக்கார வச்சிடாதீங்க சார்."

தேர்வு நாள்

அம்மையார் ரூபியிடம் அந்தக் கேள்வியையே கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினேன்.

"வேதத்துல ஒலிவ இலை மேடம். போன்ல பைபிள் ஆடியோவத் தமிழ்லயும் தெலுங்குலயும் போட்டுக் கேட்டுட்டேன்," என்றாள் ரூபி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஜோயல் வீட்டுல மாவிலைன்னு சொல்லுவாங்க. திருப்பதி பசங்களுக்கு வேப்பிலை. சார் நோட்டுல அது ரெண்டும் இருக்குது."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு இலை சொல்ற. நீ எதம்மா நம்புற?"

"எல எதுவா இருந்தா என்ன மேடம். தண்ணி வடிஞ்சிடுச்சின்னு நோவாவுக்குத் தெரிஞ்சிடுச்சி இல்ல."

அம்மையார் வேதாகமத்தைத் திறந்து, விரலால் வரியைத் தொட்டுப் படித்தார். அந்த வசனம் முடிவதும் அங்கேதான்: நீர் குறைந்துபோனதை நோவா அறிந்துகொண்டான். பட்டியலில் ரூபியின் பெயருக்கு நேரே டிக் விழுந்தது. நான் காலண்டரை விட்டுத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு திடப்படுத்தல் முடிந்து திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது, அந்தப் பெஞ்சில் சிறு பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்த ரூபி என்னிடம் கேட்டது இதுதான்: "சார், நான் சொன்னதையும் எழுதிக்கினீங்களா?"

எழுதிக்கொண்டேன், திருத்தத் தெரியாத ஆசிரியனையும் தாண்டித் தேறிவிடும் பிள்ளைகள் உண்டு என்பதற்குச் சான்றாக. பேதம் ஏதும் குறிக்கப்படாத ஒரே பக்கம் என் குறிப்பேட்டில் அதுதான்.