வரிசையில் உட்கார முடியாதவர்கள்

சிறையில் காலையிலும் சாயங்காலமும் ஆளை எண்ணுவார்கள். எண்ணி முடியும்வரை வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார்கள். எனக்கோ கால் தானாக ஆடும். முதுகில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். எழுந்துவிடுவேன்.

"ஏலே, ஒனக்கு மட்டும் தனியா சொல்லணுமா? உக்காருலே" என்பார் வார்டர்.

உட்காருவேன். அவர் அடுத்த வரிசைக்குப் போவதற்குள் மறுபடி நின்றுகொண்டிருப்பேன். கணக்குத் தப்பும், முதலிலிருந்து தொடங்குவார். பின்னால் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். திமிர் என்றார்கள். சின்ன வயதிலிருந்தே கேட்ட வார்த்தை என்பதால் நானும் அதை நம்பியிருந்தேன்.

வெளியே நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். தச்சநல்லூரில் ஒரு நெரிசலில் முன்னால் நின்ற வண்டிக்காரரோடு தகராறு. இறங்கிப்போய்த் தள்ளிவிட்டேன். அவர் தலை கல்லில் மோதியது. பிழைத்துக்கொண்டார். நான் உள்ளே போனேன்.

எனக்குப் பக்கத்தில் படுப்பவன் சீவலப்பேரிக்காரன், முப்பது வயதிருக்கும். சுவரோரம் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். "சாப்ட்டியா?" என்று கேட்டால் "சாப்ட்டியா" என்பான். அவன் கதையை அவனுடைய அம்மா, மனு போட்டுக் கைதிகளைப் பார்க்கக் காத்திருக்கிற இடத்தில், என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். வயலில் பம்புசெட் மோட்டார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பகலெல்லாம் இருப்பானாம். ஒரு மோட்டார் அறையில் செம்புக் கம்பி திருடு போன அன்று, உள்ளே இவன் உட்கார்ந்திருந்தான். "நான்தான் எடுத்தேன்னு சொல்லுலே" என்று போலீஸ்காரர்கள் அதட்டியிருக்கிறார்கள். "நான்தான் எடுத்தேன்" என்றானாம். அதோடு விசாரணை முடிந்துவிட்டது.

ஒரு நாள் காலை மணி அடித்ததும் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வரிசையை விட்டு ஓடினான். வார்டர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். நல்ல ரத்தம். அவனைக் கொண்டுபோய்த் தனி அறையில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தலையைச் சுவரில் முட்டுகிற சத்தம் வரத் தொடங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது?

மனநல டாக்டர் வருகிற நாளில் நானே பேர் கொடுத்தேன். டாக்டர் ஒரு பெண். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"நின்னுகிட்டே பேசுங்க, பரவால்ல" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

"எனக்கில்ல டாக்டரம்மா. தனி ரூம்ல ஒருத்தன் கெடக்கான். அவன் வேணும்னு கடிக்கல. மணிச் சத்தம் அவனுக்கு ஆவாது. தொட்டாலும் ஆவாது. நாம சொன்னதத்தான் திருப்பிச் சொல்லுதான்."

"இத வார்டர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் சொன்னா யாரு கேப்பா? எண்ணும்போது நானே ஒழுங்கா உக்காரமாட்டேன்."

அவர் உடனே ஆள் அனுப்பி அவனை ஆஸ்பத்திரிப் பிளாக்குக்கு மாற்றச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தேன், ஏன் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை, யோசிக்கும் முன்பே கை நீண்டுவிடுமா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் என் வீட்டிலேயே இருந்து பார்த்தவர் கேட்பதுபோல இருந்தது.

அடுத்தடுத்த முறை வந்தபோது சொன்னார்: அவனுக்கு ஆட்டிசம், எனக்கு ஏடிஹெச்டி, அதாவது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், யோசிக்கும் முன்பே செய்துவிடுகிற குறை. இரண்டுமே மூளை வளர்கிற விதத்தில் வருவது, சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

"அதுக்காக நீங்க ஒருத்தரத் தள்ளிவிட்டது சரின்னு ஆயிராது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

வார்டர் கட்டுப்போட்ட கையோடு ஒரு நாள் என் பக்கம் வந்து நின்றார். "அவனப் பத்தி எங்கிட்ட யாரு வே சொன்னா? தெரிஞ்சிருந்தா கையப் புடிச்சு இழுக்காம பைய போயிருப்பேன்லா" என்றார். அதன் பிறகு எண்ணும்போது என்னை வரிசைக் கடைசியில் நிற்க விட்டார்.

டாக்டரின் அறிக்கை கோர்ட்டுக்குப் போய் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. பிறகு எனக்கும். மாத்திரை சாப்பிடுகிறேன். கோபம் வருகிறது, ஆனால் அது வருவது இப்போது எனக்குத் தெரிகிறது. சில நாள் அதுவும் தெரிவதில்லை. அப்போது மனைவி வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுவாள்.

சீவலப்பேரிக்கு லோடு இறக்கப் போனபோது அவன் வீட்டை விசாரித்துப் போனேன். வழக்கு இன்னும் முடியவில்லை. கோர்ட்டில் யாராவது கேட்டால் மகன் என்ன சொல்லிவைப்பானோ என்று அவன் அம்மாவுக்குப் பயம்.

"வாய்தாவுக்கு நீங்களும் வருவியளா?" என்று கேட்டார்.

போனோம். அவன் வழக்கைக் கூப்பிட வெகுநேரம் ஆனது. அவனும் நானும் வளாகத்து வேப்பமரங்களுக்கு அடியில் போவதும் வருவதுமாக இருந்தோம். அவன் அம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.