கூட ஒரு பொண்ணு இருக்கா

நான் பேய், பிசாசை நம்புகிறவள் இல்லை. படிப்பது புள்ளியியல். எண் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத கூட்டம் நாங்கள். அதனால்தான் தேதி, மணி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். "புது ஊரு, சரியாத் தூங்கியிருக்க மாட்ட, அதான்" என்று சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். நானும் அப்படி நம்பத்தான் ரொம்ப நாள் முயற்சி செய்தேன்.

மேல்படிப்புக்காக வெளிநாட்டில் போய் இறங்கியது ஜனவரி ஒன்பதாம் தேதி. கடுங்குளிர். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். விடுதியில் மூன்றாவது மாடி, இரண்டு பேர் தங்கும் அறை. என்னோடு தங்க வேண்டியவளுக்கு விசா இன்னும் வரவில்லை, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அவளுடைய கட்டிலில் மெத்தை மட்டும் கிடந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

என்னை அனுப்ப அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அறையில் தனியாக இருக்கக் கூடாது. அதனால் முதல் நாள் வீடியோ காலிலேயே வாய் கூசாமல் சொன்னேன்.

"கூட ஒரு பொண்ணு இருக்காம்மா. ரொம்ப நல்லவ."

"எங்க, காட்டு."

"குளிக்கப் போயிருக்கா."

அம்மா வயிற்றில் பால் வார்த்தாயிற்று. பொய்தான். ஆனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடையாள அட்டைக்கு ஒரு வரிசை, சிம் கார்டுக்கு ஒரு வரிசை. என் வகுப்பு என்று நினைத்து வேறு யாருடைய வகுப்பிலோ அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மீன் வளர்ப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அறைக்கு வந்தாலும் மனசு நிலைகொள்ளவில்லை. பெட்டியைப் பிரிப்பேன், மூடுவேன். உட்கார்வேன், எழுந்துகொள்வேன்.

பதினோராம் தேதி, மாலை 4:20. துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'சரக்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் உறை. ஹீட்டர் சூட்டில் உறை விரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி வகுப்பு முடிந்து வந்தபோது அந்த மெத்தையில் தலை வைக்கும் இடத்தில் ஒரு பள்ளம். கையால் நீவிவிட்டேன். லேசாகச் சூடாக இருந்தது.

ஹீட்டர் என் கட்டில் பக்கம்தான் இருந்தது...

4:35க்கு அம்மா கூப்பிட்டாள். என் மேசை சுவரைப் பார்த்தபடி இருக்கும். முதுகுக்குப் பின்னால் அந்தக் கட்டில். போனைப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்துப் பேசினேன்.

"ஏண்டி, அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏம்மா?"

"மூணு நாளாப் பாக்குறேன். எப்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடக்கா."

சிரித்துவிட்டேன். பொய் தெரிந்துபோய் என்னை ஓட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

திரையின் மூலையில் என் படம் சின்னதாகத் தெரிந்தது. நான். பின்னால் வெறும் கட்டில். திரும்பியும் பார்த்தேன். வெறும் கட்டில்.

"யாரும்மா...?"

"மெதுவாப் பேசு. எழுப்பிட்ட பாரு."

சரக்...

"உக்காந்துட்டா. பாவம், தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு."

மணி 4:41.

சரக்... சரக்...

இப்போது கழுத்து திரும்ப மறுத்தது.

"உன்கிட்டதான் வர்றா. கொஞ்சம் நகரு, நான் பேசுறேன்."

வலது காதுக்குப் பின்னால்...

மூச்சு.

குளிர்ந்த மூச்சு.

ஓடினேன்.

காலில் செருப்பில்லை. மூன்று மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே ஆபீஸில் இருந்த பெண்மணி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கூடவே மேலே வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. போன் மேசையில் இருந்தது. கால் துண்டிக்கப்பட்டிருந்தது.

அன்றே எனக்கு வேறு அறை கொடுத்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது அவரிடம் நேராகவே கேட்டேன், இந்த அறையில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று. அவருக்குக் கோபம் வரவில்லை.

"கட்டடமே போன மாசம்தான் திறந்தாங்க. இந்த அறைக்கு முதல்ல வந்த ஆளே நீதான்."

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறி வரச் சொல்வாள், படிப்பு அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் ஆரம்பித்தாலே பேச்சை மாற்றுவேன், இல்லையென்றால் வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிடுவேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். கூட யாருமே இல்லை, எல்லாம் பொய் என்று.



"அப்ப அன்னிக்கு நீ எழுந்து போனப்புறம் என்கிட்ட பேசினது யாரு?"

"பேசினாளா?"

"பத்து நிமிஷம் பேசினா. நம்ம பாஷையிலேயே. தனியா இருக்க முடியலம்மான்னு அழுதா."



"நீ என்ன சொன்ன?"

"உங்க வீட்டுக்கு வந்துடட்டுமான்னு கேட்டா. அழுற பிள்ளைகிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது? வாம்மான்னேன்."

"அப்புறம்?"

"வழி கேட்டா..." அம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."